விடியற்காலையில் குஞ்சின் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: வேலந்தாவளம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு நாள் குஞ்சாக வாங்கி வந்த 60 நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு இன்றோடு 12 நாள். தேங்காய் போட்டு வைக்கிற சாளையில் ஒரு மூலையைத் தடுத்து, தேங்காய் நார் மஞ்சியும் நார்க்கழிவும் பரப்பி, பல்பு போட்டு வளர்க்கிறேன். காற்று அதிகம் என்று சுற்றிலும் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். நான்கு நாளாக ஆறு குஞ்சுகளுக்குக் கழுத்துக்குக் கீழே வீங்கியிருக்கிறது. ஒன்றுக்கு மட்டும் கழுத்திலிருந்து றெக்கையடி வரை பலூன் மாதிரி ஊதிக்கொண்டது. வேறு ஐந்தாறு குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. தலைகீழாகப் பிடித்து அமுக்கினால் கெட்டதெல்லாம் வந்துவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். செய்ததில் இரண்டு கையிலேயே செத்துவிட்டன. மருந்துக்கடையில் தண்ணீரில் கலக்க ஒரு பொடி தந்தார்கள், மூன்று நாளாகக் கொடுக்கிறேன், கேட்கவில்லை. எல்லாம் ஒரே சீக்கா டாக்டர்? ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாமா? மற்றதையாவது காப்பாற்ற வழி சொல்லுங்கள்.

பதில்:

அம்மா, முதலில் தலைகீழாகப் பிடிக்கிற வேலையை இன்றோடு விடுங்கள். அந்த இரண்டும் சீக்கில் சாகவில்லை, மூச்சுக்குழலில் தண்ணீர் ஏறிச் செத்திருக்கும். குஞ்சின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்குக்குப் பின்னாலேயே ஒரு சின்னக் கீறல் மாதிரி திறந்து திறந்து மூடும், அதுதான் மூச்சுக்குழல் வாய். கவிழ்த்துப் பிடித்து அமுக்கும்போது மேலே வருகிற புளித்த தண்ணீர் நேராக அதற்குள் போகிறது. இவ்வளவு சின்ன உயிருக்கு நான்கு சொட்டு உள்ளே போனால் போதும். உங்களையோ அந்த அக்காவையோ குறை சொல்லவில்லை, இந்தப் பக்கம் பல வீடுகளில் பெரிய கோழிக்கு இப்படிச் செய்து பிழைத்ததைப் பார்த்திருக்கிறார்கள், அதைக் குஞ்சுக்கும் செய்கிறார்கள். பெரிய கோழிக்கே அது ஆபத்துதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லாம் ஒரே சீக்கு இல்லை. நீங்கள் எழுதியதில் மூன்று தனித்தனிக் கோளாறு தெரிகிறது. கழுத்தடி வீக்கம் தீனிப்பைச் சங்கதி. பலூன் மாதிரி ஊதியது காற்றுப்பை கிழிந்து தோலுக்கடியில் காற்று புகுந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்குவது நுரையீரலும் காற்றுப்பையும் கெட்டுப்போனது. மூன்றுக்கும் மருந்து வேறு, ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றைக் கொன்றுவிடும். ஆனால் முதலாவதும் மூன்றாவதும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது, அது உங்கள் சாளையின் தரை. அதைப் பிறகு சொல்கிறேன்.

தீனிப்பையிலிருந்து ஆரம்பிக்கலாம். நம் ஊரில் இதை இரைப்பை என்றே சொல்லிவிடுகிறோம், உண்மையில் இரைப்பை உள்ளே இருக்கிறது. தீனிப்பை என்பது கழுத்தும் மார்பும் சேருமிடத்தில், கொஞ்சம் வலப்பக்கமாக, தோலுக்கு அடியிலேயே இருக்கிற சேமிப்புப் பை. தின்றது முதலில் அங்கே ஊறி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். ஆக, நன்றாகத் தின்ற குஞ்சுக்கு அந்த இடம் புடைத்திருப்பதுதான் நியாயம். சாயங்காலம் குஞ்சைக் கையில் எடுத்து, கழுத்தடியில் கோலிக்குண்டு மாதிரி இருக்கிறதே என்று பதறி எனக்குப் போன் செய்கிறவர்கள் நிறையப் பேர். அது சீக்கு இல்லை, வயிறு நிறைந்த குஞ்சு. குஞ்சு வந்து சேர்ந்த முதல் 24 மணி நேரத்தில் நூற்றுக்கு 95 குஞ்சுகளுக்காவது அந்தப் பை நிறைந்திருக்க வேண்டும் என்று பெரிய பண்ணைகளில் தொட்டுத் தொட்டுக் கணக்கு எடுப்பார்கள். நிறையாததுதான் அங்கே கவலை.

அதனால் பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை. ராத்திரி முழுக்கத் தின்னாமல் இருந்த குஞ்சுக்கு விடிகிறபோது பை தட்டையாக, தொட்டால் வெறும் தோல் மாதிரி இருக்க வேண்டும். உங்களிடம் ஒரு சிக்கல், பல்பு விடிய விடிய எரிகிறது, அந்த வெளிச்சத்தில் குஞ்சு ராத்திரியும் கொத்திக்கொண்டிருக்கும், காலையில் பை நிறைந்திருந்தால் எதையும் முடிவு செய்ய முடியாது. ஆகவே கழுத்தடி வீங்கிய குஞ்சுகளில் மிச்சமிருப்பவற்றை மட்டும் ராத்திரி பத்து மணிக்கு ஒரு அட்டைப்பெட்டியில் தனியாக விடுங்கள், அடியில் செய்தித்தாள் மேல் ஒரு பழைய துணி, சூட்டுக்கு ஒரு பல்பு, தண்ணீர் உண்டு, தீனி கிடையாது. விடிகாலை ஐந்து மணிக்கு எடுத்துப் பாருங்கள்.

எப்படித் தொடுவது என்றும் சொல்லிவிடுகிறேன். குஞ்சை இடது உள்ளங்கையில் உட்கார வையுங்கள், முதுகு உங்கள் பக்கம், மார்பை அமுக்காமல். வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கழுத்தடியில், பழுத்த சுண்டைக்காயைப் பிடிப்பது போல, அவ்வளவுதான் அழுத்தம். விரலுக்கு என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். ஒன்றும் தட்டவில்லை என்றால் அந்தக் குஞ்சுக்கு ஒன்றுமில்லை, திரும்பக் கூட்டத்தில் விடுங்கள். கெட்டியாக, உருட்டினால் ஒரே உருண்டையாக நகர்கிறது, சில சமயம் நூல் மாதிரி உள்ளே நெருடுகிறது என்றால் அடைப்பு. தண்ணீர்ப்பை மாதிரி தளதளவென்று ஆடுகிறது, அலகைத் திறந்து மோந்தால் புளித்த மாவு வாடை அடிக்கிறது என்றால் பை புளித்துப்போனது. அரிசிமாவு உருண்டை மாதிரி மெத்தென்று இருந்தால் இறங்குவது கொஞ்சம் தாமதம், அவ்வளவே. அன்றைக்கு ஒரு தடவை மதியம் பாருங்கள்.

நீங்கள் மஞ்சி போட்டிருக்கிறீர்கள் என்று படித்ததுமே எனக்கு அடைப்புதான் நினைவுக்கு வந்தது. நம் ஊர்களில் தென்னைதான் எல்லாம், கயிற்று ஆலைக் கழிவு மலிவாகக் கிடைக்கிறது, அதனால் பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறை வரை பாதிப் பேர் அதையே கோழிக்குப் பரப்புகிறார்கள். வளர்ந்த கோழிக்குப் பரவாயில்லை. முதல் இரண்டு வாரக் குஞ்சுக்கு எது தீனி எது தரை என்ற பேதம் தெரியாது, காலுக்கடியில் புழு மாதிரி நெளிந்து கிடப்பதையெல்லாம் இழுத்து விழுங்கும். நார் கரையாது, நீளவாக்கில் முறுக்கிக்கொள்ளும், அதைச் சுற்றித் தீனி கெட்டிப்படும். சென்ற வருடம் ஒரு வீட்டில் செத்த குஞ்சின் தீனிப்பையை வெட்டிப் பார்த்தேன், குருவிக்கூடு மாதிரி ஒரு நார்ச்சுருள், நடுவில் ஏழெட்டுக் கம்பு. அந்தக் குஞ்சு கடைசி வரை தின்றுகொண்டுதான் இருந்ததாம், உடம்பு மட்டும் காய்ந்துபோய் மார்பெலும்பு கத்தி மாதிரி நின்றது.

அடைப்பு என்று உறுதியானால், வெதுவெதுப்பான தண்ணீர் சொட்டு மருந்துக் குழலில் எடுத்து, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள், அது தானாக விழுங்கட்டும், பிறகு அடுத்த சொட்டு. பீச்சக் கூடாது. நாலைந்து சொட்டுத் தண்ணீர், ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் போதும். அப்புறம் பையை விரல்நுனியால் வட்டமாக ஓரிரு நிமிடம் நீவிவிடுங்கள். உருண்டையை உடைப்பதுதான் நோக்கம், மேலே தள்ளுவது அல்ல. இரண்டு மூன்று மணிக்கொரு தடவை இப்படி. குஞ்சைப் பட்டினியும் போட்டு வைக்க முடியாது, ஆகவே இளகத் தொடங்கியதும் குஞ்சுத் தீவனத்தையே தண்ணீரில் குழைத்துத் துளித்துளியாகக் கொடுங்கள், மிச்சத்தை அரைமணியில் எடுத்துவிடுங்கள். ஒன்றரை நாளில் இளகவில்லை என்றால் வைத்தியரிடம் போங்கள். பெரிய கோழிக்கு நாங்கள் தீனிப்பையைக் கீறி உள்ளதை எடுத்துத் தைக்கிறோம், பிழைத்து முட்டையும் இடுகிறது. 12 நாள் குஞ்சுக்கு அது பலிப்பது அரிது, இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

புளித்த பைக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு காளான் வகை ஈஸ்ட். அடைப்பு நீண்டால் அது வரும், ஊறின தீனியை வெயிலில் கிடக்கவிட்டால் வரும், கஞ்சியும் பழைய சோறும் கொடுத்தால் வரும், அப்புறம் முக்கியமாக, காரணமில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுத்தால் வரும். குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் செத்துப்போனால் ஈஸ்ட்டுக்குக் கொண்டாட்டம். உங்கள் மூன்று நாள் பொடி ஆன்டிபயாடிக்காக இருந்தால், தளதளப்பான குஞ்சுகளுக்கு அது மேலும் கெடுத்திருக்கும். உறையை எடுத்துப் படியுங்கள். கோலிஸ்டின் என்று இருந்தால் உடனே நிறுத்துங்கள், கோழி உட்பட உணவுக்காக வளர்க்கிற எந்த உயிருக்கும் அதைக் கொடுக்கக் கூடாது என்று இந்திய அரசு 2019 ஜூலையில் தடை போட்டுவிட்டது; மனிதர்களுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கைகொடுக்கிற மருந்து அது. புளித்த பைக்கு நிஸ்டாடின் என்ற காளான் கொல்லி உண்டு, எடை பார்த்து வைத்தியர் எழுதித் தர வேண்டும். சிலர் மயில்துத்தம் கரைத்துக் கொடுக்கச் சொல்வார்கள், பழைய வைத்தியம்தான், ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலும் குஞ்சுக்கு விஷம், வீட்டில் கண்ணளவில் செய்யாதீர்கள்.

அடுத்து பலூன் குஞ்சு. இதற்குத்தான் ஊசி கேட்டீர்கள்.

கோழியின் நுரையீரல் நம்முடையதைப் போல விரிந்து சுருங்காது, முதுகெலும்போடு ஒட்டிய சின்னப் பஞ்சு மாதிரி அப்படியே இருக்கும். காற்றை இழுத்துத் தள்ளுவதெல்லாம் அதோடு சேர்ந்த காற்றுப்பைகள். கழுத்தடியில் தொடங்கி வயிறு வரை, றெக்கையின் மேலெலும்புக்குள்ளேயும்கூட அவை போகின்றன. வெங்காயத்தை உரிக்கும்போது அடுக்குக்கு நடுவில் ஒரு மெல்லிய சவ்வு வருமே, ஏறக்குறைய அந்த மாதிரிதான் அதன் சுவர். றெக்கையைப் பிடித்துத் தூக்கினாலோ, கைதவறி விழுந்தாலோ, குளிருக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுக்கினாலோ, பெரிய கோழி கொத்தினாலோ கிழிந்துவிடும். பிறகு ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் காற்று தோலுக்கடியில் கசியும். தோல் கண்ணாடி மாதிரி தெரியும், தொட்டால் விரலடியில் நொறுநொறுவென்று ஒரு உணர்வு வரும். குஞ்சு பெரும்பாலும் சுறுசுறுப்பாகவே இருக்கும், தின்னும், ஓடும், பார்க்கத்தான் பயமாக இருக்கும்.

கொஞ்சமாக ஊதியிருந்தால் தொடவே வேண்டாம், சில நாளில் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். நடக்க முடியாமல், கழுத்தைத் திருப்ப முடியாமல், மூச்சுக்கு இடைஞ்சலாக ஊதியிருந்தால் மட்டும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு முன்னால் அது காற்றுதான் என்று உறுதி செய்யுங்கள். இருட்டில் கைப்பேசி விளக்கை வீக்கத்துக்குப் பின்னால் பிடித்தால் காற்று விளக்குப் போட்ட மாதிரி பளிச்சென்று தெரியும், ரத்தக்குழாய்கள் கோடு கோடாகத் தெரியும். தீனி இருந்தால் இருட்டாகத் தெரியும். தளதளப்பான புளித்த பையிலும் கொஞ்சம் வெளிச்சம் வரும், அதனால் வாடையையும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். தீனிப்பை கழுத்தடியை விட்டு றெக்கைக்குப் போகாது. வேலைக்கு வந்த புதிதில் நான் ஒரு தடவை விளக்கு வைத்துப் பார்க்காமல், காற்று என்று நினைத்து ஊசி வைத்தேன், உள்ளிருந்து வந்தது கலங்கிய தீனித் தண்ணீர். அது தோலுக்கடியில் பரவி அழுகி, அந்தக் குஞ்சு நான்காம் நாள் செத்தது. குஞ்சைக் கொண்டுவந்த பாட்டியின் முகம் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

பக்கத்தில் மருத்துவமனை இருந்தால் அங்கேயே செய்துகொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை. போகவே முடியாத நிலை என்றால், பிரிக்காத புது இன்சுலின் ஊசி ஒன்று, போவிடோன் அயோடின், பஞ்சு, பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள். வீக்கத்தின் உச்சியில், ரத்தக்குழாய் இல்லாத இடமாகப் பார்த்து அயோடின் தடவி, தோலை மட்டும் படுக்கவாட்டில் குத்துங்கள். நேராக உள்ளே இறக்கக் கூடாது. உஸ்ஸென்று இறங்கும், ஓரங்களிலிருந்து ஊசியை நோக்கி மெல்ல நீவினால் மிச்சமும் வந்துவிடும். மறுபடியும் அயோடின். கிழிசல் ஆறும் வரை திரும்ப ஊதும், மறுநாள் இன்னொரு தடவை எடுக்க வேண்டி வரலாம், அதில் பயப்பட ஒன்றுமில்லை. எடுத்த சில மணி நேரத்திலேயே முன்போல ஊதினாலோ, குஞ்சு சோர்ந்து கண்ணை மூடினாலோ வைத்தியர் பார்க்கட்டும். அந்தக் குஞ்சைக் கூட்டத்தில் விடாதீர்கள், பளபளக்கிற தோலை மற்றவை கொத்திப் புண்ணாக்கும்.

இனி வாயைத் திறக்கிற குஞ்சுகள். எனக்கு உண்மையான பயம் இங்கேதான்.

சூடு அதிகமானாலும் குஞ்சு வாயைத் திறக்கும், அதனால் முதலில் அதைக் கழித்துவிடுவோம். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், இரண்டாம் வாரம் 90, பிறகு வாரம் ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். எல்லாக் குஞ்சும் பல்பை விட்டு ஓரத்துக்குப் போய் றெக்கையை விரித்து வாயைத் திறந்தால் சூடு. ஐந்தாறு மட்டும் திறந்து, மற்றவை சாதாரணமாக இருந்தால் சீக்கு.

ராத்திரி விளக்கை இரண்டு நிமிடம் அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கொர் கொர் என்று சளிச் சத்தம், இடையில் தும்மல், மூக்கில் நீர், கண்ணோரம் நுரை என்றால் மைக்கோபிளாஸ்மா மாதிரிக் கிருமி, அதன்மேல் ஈ.கோலை என்ற இன்னொரு கிருமியும் ஏறியிருக்கும். இது தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாகவே வரலாம், விற்றவரிடம் அவருடைய கோழிகளுக்குச் சளி இருந்ததா என்று விசாரியுங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, றெக்கை தொங்கி, கழுத்து முறுக்கினால் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். அதற்கு ஏழாம் நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ விடுகிற எஃப் ஒன் தடுப்பு மருந்து போட்டீர்களா என்று எழுதவில்லை. போடவில்லை என்றால் இப்போது மூச்சு வாங்குகிற குஞ்சுகளுக்குப் போடாதீர்கள், உயிருள்ள தடுப்பு மருந்து அவற்றுக்கு மூச்சை இன்னும் சிரமப்படுத்தும். நல்ல குஞ்சுகளுக்கு என்றைக்குப் போடுவது என்று வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும்.

சத்தமே இல்லாமல், கழுத்தை மேலே நீட்டி, மீன் மாதிரி வாயை மட்டும் திறந்து திறந்து மூடினால் அது பூஞ்சை. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் விதைத்தூள் மூச்சோடு உள்ளே போய், நுரையீரலிலும் காற்றுப்பைகளிலும் வேர் பிடிக்கிறது. வெட்டிப் பார்த்தால் கம்பு மணி மாதிரி மஞ்சள் முடிச்சுகள் தெரியும். இந்தக் காளானை எந்த ஆன்டிபயாடிக்கும் தொடாது. நீங்கள் சொன்ன இடம், நார்க்கழிவு, மூடின தார்ப்பாய், மூன்று நாள் பொடி கேட்கவில்லை என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இதன்மேல்தான் சந்தேகம் அதிகம். நார்க்கழிவு, பாலக்காட்டுப் பக்கம் சகிரிச்சோறு என்பார்களே, அது தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், கையை விட்டுக் கிளறினால் உள்ளே ஈரமும் மண்வாடையும். குஞ்சுச் சூடு 90 டிகிரி, கீழே ஈரம், காற்றோட்டம் கிடையாது, பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எனக்கும் தெரியும், இங்கே ஆடியில் கூரை ஓட்டையே தூக்கும். அதற்காகத் தரையிலிருந்து கூரை வரை தார்ப்பாய் இழுத்துக் கட்டினால் எச்சத்தின் அமோனியா உள்ளேயே நிற்கும், மூச்சுக்குழலிலிருந்து அழுக்கை வெளியே தள்ளுகிற நுண்மயிர்களை அது செயலிழக்க வைக்கும், பிறகு எந்தக் கிருமி வந்தாலும் நேரே உள்ளேதான். குனிந்து, உங்கள் முகத்தைக் குஞ்சு நிற்கிற உயரத்துக்குக் கொண்டுபோய் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் குஞ்சுக்கு நாள் முழுக்க எரிகிறது. தார்ப்பாயைக் கீழிருந்து ஒன்றரை முழம் மட்டும் கட்டி, மேலே திறந்துவிடுங்கள்.

ஆகவே இன்றைக்கு மதியத்துக்குள் செய்ய வேண்டியது, மருந்துக்கு முன்னால் தரையை மாற்றுவது. குஞ்சுகளை எல்லாம் வெளியே எடுத்து வேறு அறையில் சூடாக வைத்துவிட்டு, நார்க்கழிவின்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, அப்போதுதான் தூள் பறக்காது, மூக்கில் துணி கட்டிக்கொண்டு அள்ளி வெளியே கொட்டுங்கள். தரையில் சுண்ணாம்பு அடித்து நன்றாகக் காயவிட்டு, வெயிலில் காய்ந்த நெல்லுமி இரண்டு விரல்கடை உயரம் பரப்பி, நாலைந்து நாள் அதன்மேல் செய்தித்தாள் போடுங்கள், தினமும் தாளை மாற்றுங்கள். தண்ணீர்த் தட்டை ஒரு செங்கல்மேல் வைத்தால் சிந்தாது. தீவனம் கடைக் குஞ்சுத் தீவனம் என்றால் மணல் வேண்டியதில்லை. கம்போ நொய்யோ கீரையோ கொடுக்கிறீர்கள் என்றால் கழுவிக் காயவைத்த பரும்மணல் ஒரு சின்னத் தட்டில் வையுங்கள், அரைவைப்பைக்கு அதுதான் பல்.

மூச்சு வாங்குகிற குஞ்சுகளைத் தனியே வையுங்கள், அவற்றின் தண்ணீர்ப் பாத்திரம் தனி, நல்ல குஞ்சுகளை முதலில் கவனித்துவிட்டுக் கடைசியாக இவற்றிடம் போங்கள். இனி ஏதாவது செத்தால் தோட்டத்தில் வீசாதீர்கள், வெட்டிப் பார்க்காமல் நான் எழுதுவதெல்லாம் யூகம்தான். பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து அன்றைக்கே பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்; ஃப்ரீசரில் வைத்து உறைய விட்டால் உள்ளே எதுவும் தெரியாது. உங்களுக்கு அந்தப் பக்கம் மண்ணுத்தியிலும் இந்தப் பக்கம் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, காற்றுப்பை தெளிவாக இருக்கிறதா, கலங்கி மஞ்சள் தயிர் படிந்திருக்கிறதா, முடிச்சு இருக்கிறதா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள், அதற்கப்புறம் வாங்குகிற மருந்துக்குத்தான் அர்த்தம். ஒன்று மட்டும், ஒரே ராத்திரியில் பத்து இருபது என்று விழுந்தால் தொடாமல், தூக்காமல் மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். ஆலப்புழைப் பக்கம் 2021லும் 2024லும் வந்த பறவைக்காய்ச்சலை நினைத்துச் சொல்கிறேன், உங்கள் குஞ்சுகளுக்கு அதன் சாயல் இல்லை.

நாளை விடிகாலையில் அந்த வீங்கிய குஞ்சுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எத்தனை கெட்டி, எத்தனை தளதளப்பு, எத்தனை காலி என்று எழுதுங்கள். பொடியின் உறையில் இருக்கிற பெயரையும் அப்படியே எழுதுங்கள்.